கும்பகோணத்தில் நாயனம் கேட்டிருக்கிறீர்களா?

கும்பகோணம் என்றதும் வெற்றிலை, டிகிரி காபி, பித்தளைப் பாத்திரம், மகாமகக் குளம் என்று எல்லோரும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். கோயில் பார்க்க வருகிறவர்கள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடை சாத்துவதற்குள் நாலைந்து கோயில் பார்த்து, காபி குடித்து, ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், 'அடடா, இந்த ஊரில் கேட்க வேண்டியதைக் கேட்காமலே போகிறார்களே!' என்று எனக்குத் தோன்றும்.

சென்னையில் சங்கீதம் என்றால் சபா உண்டு, டிக்கெட் உண்டு, டிசம்பர் சீசன் உண்டு. எங்கள் ஊர்ச் சங்கீதத்துக்குக் கூரை கூடக் கிடையாது. கோயில் பிராகாரமும் வீதியும் கல்யாணப் பந்தலும்தான் மேடை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள் நாதஸ்வரம் என்று நீட்டி முழக்க மாட்டார்கள். நாயனம் என்பார்கள். "யார் நாயனம்?" என்று கேட்டால் "இன்றைக்கு வாசிப்பவர் யார்?" என்று அர்த்தம்.

நான் பிறந்தது கடலூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. என் கணவர் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். எனக்குச் சங்கீதம் முறையாகத் தெரியாது. பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடியதோடு சரி. ஆனாலும் இத்தனை வருஷம் இந்த ஊர்க் காற்றைக் குடித்ததில் காது கொஞ்சம் பழகியிருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மடப்பள்ளிக்கும் ஒரு வாசிப்பு

முதலில் கோயிலுக்கு வாருங்கள். கூட்டம் நெரிகிற காலை வேளை வேண்டாம். விளக்கு வைத்த பிறகு வாருங்கள்.

கோயில் நாயனத்துக்கு மணிக் கணக்கு ஒன்று உண்டு. விடியற்காலையில் பூபாளம். இரவு சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும்போது நீலாம்பரி. சுவாமிக்கே தாலாட்டு என்றால் பாருங்களேன்! நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மாதம் ராத்திரி முழுக்க அழுவாள். என் மாமியார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அர்த்தஜாம பூஜைக்குக் கோயிலுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது குழந்தை தூங்கிக்கொண்டு வரும். நடந்த அசதியோ, நீலாம்பரியோ, எனக்கு ஒரு மணி நேரம் தூக்கம் கிடைத்தது.

இன்னொன்று சொன்னால் நம் வாசகிகள் சந்தோஷப்படுவார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி என்று ஒன்று வாசிப்பார்கள். அதில் பாட்டு வரிகள் கிடையாது. கம்பீர நாட்டை ராகமும் தவிலின் சொற்கட்டும்தான். அதிலே பல வகை உண்டு. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி. மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது வாசிப்பதற்குத் தளிகை மல்லாரி என்று பெயர். சமைத்துக் கொண்டு வருகிறவருக்கு மேளதாளத்தோடு வரவேற்பு! 'நம் வீட்டில் குழம்புச் சட்டியை இறக்கும்போது யாராவது ஒரு மல்லாரி வாசிக்கக் கூடாதா?' என்று நாங்கள் சிநேகிதிகள் பேசிச் சிரிப்போம்.

கும்பேசுவரர் கோயிலில் கல்லிலே கடைந்த நாயனம் ஒன்று கூட இருக்கிறது. கல்லைக் குடைந்து காற்றை நுழையவிட்டு நாதம் எழுப்ப வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறாரே, அந்த ஆசையை என்னவென்பது!

தெருவே கச்சேரி

வெளியூர்க்காரர்கள் யாராவது "எப்போது வந்தால் நல்லது?" என்று கேட்டால் இரண்டு நாட்கள் சொல்வேன். ஒன்று மாசி மகம். மகாமகம்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. போன மகாமகம் 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். மாசி மகம் வருஷா வருஷம் உண்டு. மற்றொன்று அட்சய திருதியை. நகைக்கடை வாசலில் நிற்காமல் அன்றைக்குக் கும்பகோணம் பெரிய தெருவுக்கு வந்துவிடுங்கள். ஊரிலுள்ள பெருமாள்கள் பன்னிரண்டு பேர் கருட வாகனத்தில் வந்து ஒரே பந்தலில் சேவை சாதிப்பார்கள்.

சுவாமிக்கு முன்னால் மேளம் வரும். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். தார் ரோடு காலைச் சுடும். தவில்காரர் தோளில் வாரை மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசிப்பார். பலா மரத்தில் குடைந்து இரும்பு வளையமும் நட்டும் போட்ட இந்தக் காலத்துத் தவில் பத்துக் கிலோவுக்குக் குறையாது. நம் வீட்டில் பத்துக் கிலோ அரிசிப் பையை மாடிக்குத் தூக்கிப் போனாலே நடு வழியில் ஒரு முறை கீழே வைக்கிறோம். அவர்கள் அதைச் சுமந்துகொண்டே இடது கையில் பூவரசங் குச்சியாலும், வலது கையில் விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டும் கணக்குப் பிசகாமல் அடிக்கிறார்கள்.

சுவாமி நாலு வீதி சுற்றி நிலைக்கு வருவதற்குள் வழியிலே முச்சந்தி முச்சந்தியாக நிற்பார். அங்கேதான் வாசிப்பு சூடு பிடிக்கும். நல்ல நாயனக்காரராக இருந்தால் ராகத்தை எடுத்து மெதுவாக விரிப்பார். சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டுவாள். "தோடி போட்டுட்டான்யா!" என்று யாராவது ஒரு கிழவர் சொல்வார். அந்தக் கிழவர் ஜவுளிக்கடையில் துணி மடிப்பவராக இருக்கலாம். ஆனால் ஒரு பிடி தப்பினால் முகத்தைச் சுளித்துவிடுவார். எங்கள் ஊரில் வாசிப்பவர்களுக்குப் பரீட்சை வைப்பவர்கள் இப்படித் தெருவில் நிற்கிறவர்கள்தான்.

ஆச்சா மரத்துக்கு வந்த மறுபிறவி

கோயிலும் வீதியும் பார்த்தாயிற்று என்றால் ஒரு மத்தியானம் மயிலாடுதுறை பஸ் ஏறுங்கள். திருவிடைமருதூர், ஆடுதுறை தாண்டியதும் நரசிங்கம்பேட்டை வரும். சின்ன ஊர்தான். நாயனம் செய்கிற ஊர் என்று பெயர் பெற்றது. இங்கே செய்யும் நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு சில குடும்பங்கள்தான் இந்தத் தொழிலைச் செய்கின்றன. நாங்கள் ஒரு பட்டறைக்குப் போனபோது ஆச்சா மரத்துண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார்கள். "புது மரம் ஆகாதும்மா. ஈரம் இருந்தா பின்னால வெடிச்சுப் போகும். பழைய வீடு இடிக்கிறாங்கன்னு சேதி வந்தா ஓடுவோம்" என்றார் பெரியவர். யார் வீட்டுக் கூடத்திலோ உத்திரமாகவும் தூணாகவும் பல தலைமுறை நின்று காய்ந்த மரம். அதன் அடியில் எத்தனை தொட்டில் கட்டியிருப்பார்கள், எத்தனை கல்யாணம் நடந்திருக்கும்! வீடு போன பிறகு அந்த மரம் நாயனமாகப் பிறக்கிறது.

மேலே வாயில் வைக்கும் சீவாளி, அதைச் செருகும் உலோகக் கெண்டை, நடுவில் நீண்ட உலவு, அடியில் விரிந்த அணசு. உலவுக்கு ஆச்சா, அணசுக்கு வாகை. விரல் வைக்க ஏழு துளை. அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளை உண்டு. அவற்றில் மெழுகை அப்பி அப்பித்தான் சுருதியைச் சரி செய்கிறார்கள். சீவாளி ஒரு வகை நாணல் தட்டையில் செய்வது. அதை எப்போதும் எச்சிலில் ஈரமாக வைத்திருக்க வேண்டும். நாயனத்திலிருந்து கொத்துச் சாவி மாதிரி தொங்குவதெல்லாம் உபரிச் சீவாளியும், அதைச் சீர்படுத்துகிற ஊசியும்தான். நம் குழந்தைகள் "அம்மா, அது என்ன?" என்று கேட்டால் இனிமேல் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்தக் காலத்து நாயனம் திமிரி எனப்படும் குட்டை வகை. சுருதி ஏறி, தெருக்கோடி வரை கேட்கும். நீளமான பாரி நாயனம் சுருதி இறங்கியது, குரலுக்கு நெருக்கமானது. அதைப் புகழ் பெற வைத்தவர் பக்கத்து ஊரான திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). அவருக்கு மனசுக்குப் பிடித்த மாதிரி நாயனம் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசிப்பவரும் செய்பவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்! ஒருவர் குறை சொல்லவும், மற்றவர் துளையை நகர்த்திப் பார்க்கவும் வசதியாக இருந்திருக்கும்.

அதற்கு முன்னால் நாயனக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து வாசிப்பதே கிடையாதாம்; நின்றுகொண்டுதான். ராஜரத்தினம் பிள்ளைதான் உட்கார்ந்து வாசிப்பேன் என்றவர். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தவர், ஒத்துக்குப் பதிலாகத் தம்பூரா வைத்துக்கொண்டவர். தோடி என்றாலே அவர் பெயரைச் சொல்லும் அளவுக்கு அந்த ராகத்தை ஆண்டவர். ஒரு கலைஞன் உட்காருவதற்குக் கூட இவ்வளவு போராட வேண்டியிருந்ததே என்று நினைத்தால் மனசுக்கு என்னவோ போல இருக்கிறது.

இந்தப் பக்கத்துச் சங்கீதம் மதத்தைத் தாண்டியும் போயிருக்கிறது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர் அல்லவா? அதே ஊரில் ராஜம், துரைக்கண்ணு என்ற சகோதரர்களிடம் வந்து தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றுக்கொண்டார் ஆந்திராவில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா. பிறகு ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-ல் சங்கீத கலாநிதி விருது வாங்கினார். 1999-ல் காலமானார்.

மேளக்காரர் வீட்டு அடுப்படி

பெரியவர்கள் கதை இருக்கட்டும். இன்றைக்கு வாசிக்கிறவர்கள் வீடு எப்படி நடக்கிறது? எங்கள் அடுத்த தெருவில் ஒரு தவில்காரர் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டு அக்காவும் நானும் பதினைந்து வருஷமாகச் சிநேகிதம். ரேஷன் கடையில் ஆரம்பித்த பழக்கம்.

"வாசிப்பு இருக்கிற அன்னிக்கு வயிறு முட்டச் சாப்பிட மாட்டாங்க. மூச்சு நிக்காது. ரெண்டு இட்லி, மிளகு ரசம், அவ்வளவுதான். ஜில்லுனு எதையும் தொட விட மாட்டேன். முடிஞ்சு வர்றப்ப ராத்திரி ஒரு மணியோ ரெண்டோ. அப்பத்தான் பசி தெரியும்" என்பார் அக்கா. ஒரு மணிக்கு எழுந்து தோசை வார்ப்பது அந்த வீட்டில் சகஜம். நாயனக்காரருக்கு முன்பல்தான் சொத்து, தவில்காரருக்குத் தோளும் முதுகும் சொத்து என்பார். வாரத்தில் இரண்டு நாள் வேப்பெண்ணெயோடு நல்லெண்ணெய் கலந்து காய்ச்சித் தோளில் தேய்த்துவிடுவதும் அவர் வேலைதான்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பல பேர் வைக்க மாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் சம்பாதித்ததை வைத்துத்தான் அந்த மாதங்களை ஓட்ட வேண்டும். "எங்க வீட்டுல பஞ்சாங்கம்தான் பாஸ் புக்கு" என்று அக்கா சிரிப்பார். 2020-ல் கொரோனா வந்து கோயிலும் மூடி, கல்யாணமும் வீட்டுக்குள்ளேயே நாலு பேரோடு நடந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. தவிலைப் பரணில் ஏற்றிவிட்டு அவர் காய்கறி மண்டிக்கு மூட்டை இறக்கப் போனார். அக்கா தோசை மாவு அரைத்து விற்றார். தாளம் தப்பாமல் அடிக்கும் விரல்களில் சாக்குக் கயிறு அறுத்த கோடுகளைப் பார்த்தேன். 2021-லும் அதே கதைதான். சில பேர் அப்போது விட்டவர்கள் பிறகு திரும்பவே இல்லை.

அக்காவின் பையன் எட்டு வயசிலிருந்து தாய்மாமனிடம் நாயனம் கற்றவன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து வெறும் சட்ஜமத்தை மட்டும் அரை மணி நேரம் ஊதுவான். எங்கள் வீட்டுக்கு அதுதான் அலாரம். பாலிடெக்னிக்கும் முடித்திருக்கிறான். போன வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாசம் பிறந்தால் சம்பளம். அக்கா என்னிடம் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க. பெத்தவ நான் என்னன்னு சொல்றது? போடான்னா பதினஞ்சு வருஷ சாதகம் போச்சு. இருடான்னா நாளைக்கு இவனுக்கு யார் பொண்ணு குடுப்பாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

சின்னக் கோயில்களில் இப்போது மின்சார மேளம் வைத்துவிட்டார்கள். பட்டனை அழுத்தினால் முரசும் மணியும் தானே அடித்துக்கொள்ளும். கல்யாண மண்டபங்களிலோ மைக் செட், ஜெண்டை மேளம், டி.ஜே. இதற்கு நடுவில் ஒரு பையன் நாயனத்தை எடுப்பதா, வைப்பதா என்று கேட்டால் வெறும் ஆசீர்வாதம் போதுமா?

பெண்கள் வாசித்தால்...

இங்கே ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். நாயனம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய், பெண் நாயனம் எடுப்பதே அதிசயமாக இருந்த காலத்தில் எடுத்து வாசித்துப் பெயர் வாங்கியவர். 2012-ல் மறைந்தார். ஷேக் மெஹபூப் சுபானியும் அவருடைய மனைவி காலீஷாபியும் தம்பதியாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். இருவருக்கும் 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புருஷன் வாசிப்புக்கு மனைவி பிடி கொடுக்க, மனைவி விட்ட இடத்தில் புருஷன் எடுக்க... பார்க்கவே கண்ணிறைந்திருக்கும்!

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாயனமும் தவிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்பு. மேலே படிக்க எங்களுக்குப் பக்கத்திலேயே திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. பெண் குழந்தைகளும் சேர்கிறார்கள். மூச்சு அடக்கி விடுவது நெஞ்சுக்குக் கெடுதல் என்று சில பேர் பயமுறுத்துவார்கள். முறையாகக் குருவிடம் படிப்படியாகக் கற்கும் குழந்தைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆஸ்துமா, இருதயக் கோளாறு மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சேர்த்துவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாணம்

போன தை மாதம் எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாடு, பூ, மேளம், போட்டோ எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' என்றார்கள். "மேளத்துக்கு யார் வருவாங்க?" என்று கேட்டேன். "யாராச்சும் வருவாங்கம்மா, கெட்டிமேளம் அடிக்கணும், அவ்வளவுதானே?" என்று பதில் வந்தது. சமையலுக்கு யார் என்று கேட்டால் இப்படிப் பதில் சொல்வார்களா? பேக்கேஜிலிருந்து மேளத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்தோம். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம்.

சம்பந்தி வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள். நல்ல மனுஷர்கள். மாப்பிள்ளையின் சிநேகிதர்களுக்கு ரிசப்ஷனில் டி.ஜே. வேண்டும் என்று ஆசை. சம்பந்தியம்மா போனில் சங்கடத்தோடுதான் சொன்னார். "தாராளமா வைங்க சம்பந்தி. எனக்கு ஒரே ஒரு ஆசை. ஆறிலிருந்து ஏழு வரைக்கும் எங்க ஊர் மேளம் உட்கார்ந்து வாசிக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் ஸ்பீக்கர் வேண்டாம்" என்றேன். "அதுக்கென்ன, பேஷா வைங்க" என்றுவிட்டார்.

மண்டபத்து மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தோம். எதிரில் நாற்காலி போடாமல் இன்னொரு ஜமக்காளம். ஆரம்பத்தில் அதில் உட்கார்ந்தது என் கணவரும் நாலு குழந்தைகளும்தான். மற்றவர்கள் செல்போனும் பேச்சுமாக இருந்தார்கள். மாமன் முதல் நாயனம், பையன் இரண்டாவது. முதலில் மாமன் ராகம் எடுத்தார். அரை மணி ஆனதும் பையனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் தனியாகக் கல்யாணி எடுத்தான்.

மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கைத்தடியோடு எழுந்து வந்தவர், "கீழே உட்கார முடியாது, எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள்" என்று ஜமக்காளத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். தாத்தா போனதும் பேரன்கள் இரண்டு பேர் பின்னாலேயே வந்தார்கள். ஏழு மணிக்கு முடியும்போது ஜமக்காளத்தில் இடமில்லை. எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் அப்போதும் போனில்தான் இருந்தார்கள். ஆனாலும் தாத்தா பையனைக் கூப்பிட்டு, "தம்பி, எந்த ஊரு குரு?" என்று விசாரித்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டி.ஜே.யும் பிறகு நடந்தது. குழந்தைகள் நன்றாக ஆடினார்கள். இரண்டுக்கும் ஒரே கல்யாணத்தில் இடம் இருந்தது.

அந்தத் தவில்காரர் வீட்டுப் பையன் ஓசூர் போய்விட்டான். ஆனால் நாயனத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். முகூர்த்த நாட்களுக்கு லீவு போட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் வருகிறான். "எத்தனை நாளைக்கு இப்படி முடியும்?" என்று அக்கா கவலைப்படுகிறார். முகூர்த்தங்கள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் வருவான். கூப்பிடாவிட்டால் அந்த ஆச்சா மரம் ஓசூரில் ஏதோ ஒரு அறையின் பரணில் தூங்கும்.

நாம் செய்யக்கூடியது

கோயில் மானியமும் சர்க்கார் விருதும் நம் கையில் இல்லை. ஆனால் வீட்டு விசேஷங்கள் நம் கையில்தானே இருக்கின்றன? பூ எத்தனை முழம், பாயசம் என்ன என்று முடிவு செய்கிற நாம் மேளத்தையும் முடிவு செய்யலாம்.

1. மேளத்தைப் பேக்கேஜில் விடாமல் நேராகப் பேசி அமர்த்துங்கள். இடையில் யாருக்கும் கமிஷன் போகாது. அவர்கள் கைக்கு முழுச் சம்பாவனை போய்ச் சேரும்.

2. அவர்கள் வாசிக்கும்போது ஸ்பீக்கர் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டோடு போட்டி போட எந்த வித்வானாலும் முடியாது.

3. கடைசிப் பந்திக்குக் காக்க வைக்காமல், அவர்களுக்குச் சௌகரியமான நேரத்தைக் கேட்டு இலை போடுங்கள். வெந்நீரோ சூடான பாலோ பக்கத்தில் இருக்கட்டும்.

4. முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிட ஓடுவார்கள். ஐந்து நிமிஷம் நின்று கேட்டு, "இது என்ன ராகம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சம்பாவனையோடு சேர்த்து அதையும் அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

5. குழந்தைகளைத் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காதைப் பொத்திக்கொண்டாலும் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு மேளக்காரர் தெருவும், அங்கே ஒரு வீட்டில் விடியற்காலையில் ஊதிப் பழகும் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடும். விசாரித்துப் பாருங்கள். கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் மட்டும் தயவு செய்து சாயங்கால பஸ்ஸைப் பிடிக்காதீர்கள். ஒரு ராத்திரி தங்குங்கள். அர்த்தஜாமத்துக்குக் கோயிலுக்குப் போய், பள்ளியறைக் கதவு சாத்தும்வரை நின்று நீலாம்பரி கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதையும் மறக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்!